பேப்பர் அண்ணனுக்குத் தீபாவளிக்கு என்ன தரலாம்: பணமா, மழைக்கோட்டா?

இரண்டாம் உலகப் போரின்போது ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காது. ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட பேப்பர் கட்டுகளைச் சேகரித்துத்தான் அப்துல் கலாம் தன் முதல் சம்பளத்தைச் சம்பாதித்தார். எங்கள் தெருவுக்கு இன்று டிவிஎஸ் எக்ஸெல்லில் வருபவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். விடியுமுன் இணைப்பிதழைச் செருகி, மழை நாளில் பாலிதீன் உறையிலும் போட்டுத் தருவார். பேப்பர் நனையாது, அவர் தொப்பலாக நனைந்திருப்பார்.

செலவு: பணம், நம் வசதிப்படி. கோட்டு, சுமாரானதே சில நூறு ரூபாய்.

எத்தனை நாள் உழைக்கும்: பணம் பண்டிகையோடு தீரும். நல்ல கோட்டு இரண்டு மூன்று மழைக்காலம் வரும்.

எளிமை: பணத்துக்கு ஒரு கவர் போதும். கோட்டுக்கு அளவு கேட்க வேண்டும். வண்டி ஓட்டுபவருக்குச் சட்டை, பேன்ட் தனித்தனியாக இருப்பதே வசதி.

வீட்டில் பிள்ளைகள் படிக்கிறார்கள், கடன் இருக்கிறது என்று தெரிந்தால் பணமே சரி. ஐப்பசி மழையில் வெறும் சட்டையோடு வருகிறார் என்றால் கோட்டு.

அப்புறம், பேப்பர் கட்டை மூட ஒரு தார்ப்பாய்த் துண்டும் சேர்த்துக் கொடுங்கள். நான் கொடுத்த கோட்டை மறுநாளே அவர் பேப்பர் கட்டின்மேல் போர்த்திக்கொண்டு வந்தார்.