டென்னிஸ் எல்போவுக்கு ஃப்ளெக்ஸ்பார்: மூணு மாசம் தினமும் முறுக்கிப் பாத்துட்டு எழுதுறேன்

பிக்கிள்பால், அதாவது பேடில்ங்குற மட்டையால பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேல அடிக்கிற விளையாட்டு, ஆட ஆரம்பிச்ச எட்டாவது மாசம் வலது முழங்கையோட வெளிப்பக்க எலும்புல வலி வந்துச்சு, இதைத்தான் டென்னிஸ் எல்போன்னு சொல்றாங்க. முதல்ல ஆடி முடிச்சப்புறம் மட்டும்தான் இருந்துச்சு, அப்புறம் ஆடும்போதே வந்துச்சு, கடைசியில பாட்டில் மூடி திறக்குறது, துணி பிழியுறது, ஒரு கப்பைத் தூக்குறதுன்னு எதுக்கும் சுரீர்னு இழுக்கும். நாலு வாரம் பேடிலைத் தொடவே இல்ல. வலி போயிடுச்சு, சரியாயிடுச்சுன்னு நம்பி திரும்பப் போனா மூணாவது கேம்லயே அதே இடத்துல அதே வலி, அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்புறம்தான் பிசியோகிட்ட போனேன், அவங்க சொல்லித்தான் தெராபேண்ட் கம்பெனியோட இந்த ஃப்ளெக்ஸ்பாரை வாங்கினேன்.

பாக்க ரொம்ப சாதாரணமா இருக்கும். ஒரு அடி நீளத்துல ரப்பர் தடி, பிடிக்க வாட்டமா மேல வரி வரியா இருக்கு, அவ்வளவுதான். கலரை வச்சு பலம் மாறும், மஞ்சள் 6 பவுண்ட், சிவப்பு 10, பச்சை 15, நீலம் 25. நான் ஜிம் போற ஆளுதானேன்னு யாரையும் கேக்காம பச்சையை எடுத்துட்டேன், அது தப்பு. பத்தாவது தடவையிலயே மணிக்கட்டு நடுங்க ஆரம்பிச்சுது. பிசியோ பாத்துட்டு சிவப்புக்கு இறங்கச் சொன்னாங்க. 15 தடவை ஒரே மாதிரி மெதுவா பண்ண வருதா, அதுதான் உங்க கலர், மத்தபடி கையில எவ்வளவு பலம் இருக்குங்குறது இங்க கணக்கே இல்ல.

பண்ணுற பயிற்சிக்கு டைலர் ட்விஸ்ட்னு பேரு. வலிக்கிற கையில தடியை செங்குத்தா பிடிச்சு மணிக்கட்டை பின்பக்கமா மடக்கி வச்சுக்கணும். நல்ல கையால தடியோட மேல் முனையை உள்ளங்கை வெளிய பாக்குற மாதிரி பிடிச்சு முறுக்கணும். முறுக்கு விடாம ரெண்டு கையையும் முன்னாடி நீட்டினா தடி படுக்கைவாக்குல வந்துடும். இப்போ நல்ல கை அசையாம இருக்க, வலிக்கிற கையோட மணிக்கட்டை மட்டும் மெதுவா, நாலு எண்ணுற அளவுக்கு, கீழ இறக்கி முறுக்கை விடணும். இதுல முறுக்குறது நல்ல கைதான், வலிக்கிற கை வெறும் பிரேக் மாதிரி. நிறைய பேர் வேகமா படக்குனு விட்டுடுறாங்க, அப்படி விட்டா பயிற்சியே இல்ல, மொத்த பலனும் அந்த மெதுவான இறக்கத்துலதான் இருக்கு. 15 தடவை, மூணு செட், தினமும்.

ஏன் இது வேலை செய்யுதுன்னு பிசியோ சொன்னது எனக்கு ரொம்ப உபயோகமா இருந்துச்சு. மணிக்கட்டை மேல தூக்குற தசையோட தசைநார் முழங்கை வெளிப்பக்க எலும்புல போய் ஒட்டுது. பேக்ஹேண்ட் அடிக்கும்போது மட்டும் இல்ல, பேடிலை இறுக்கிப் பிடிச்சாலே அந்த தசை வேலை செய்யும். கிச்சன் லைன்ல, அதாவது வலைக்குப் பக்கத்துல இருக்குற கோட்டுல நின்னு அடுத்த பந்து எப்ப வேகமா வரும்னு பயந்து பேடிலை கெட்டியா பிடிச்சுக்கிட்டே நிக்கிறோம் பாருங்க, அப்போ பந்தே வராட்டாலும் அந்த இடத்துல சுமை ஏறிக்கிட்டேதான் இருக்கு. ரெஸ்ட் எடுத்தா வலி அடங்கும், ஆனா தசைநாருக்கு பலம் வராது, அதனாலதான் எனக்கு திரும்ப வந்துச்சு. மெதுவா, அளவா சுமை குடுத்தாதான் அது தாங்கப் பழகும். இந்தப் பயிற்சியை வச்சு டைலர்ங்குற பிசியோவும் அவரோட குழுவும் 2010ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, வழக்கமான சிகிச்சையோட இந்தத் தடியையும் சேத்துக்கிட்டவங்களுக்கு வலியும் பலமும் நல்லா தேறியிருக்கு. மொத்தம் 21 பேர்தான், சின்ன ஆய்வுதான், ஆனா என் கைக்கு அது பொருந்துச்சு.

முதல் ரெண்டு வாரம் ஒண்ணுமே தெரியல, இன்னும் கொஞ்சம் வலிச்சுதுன்னு கூட சொல்லலாம். பத்துக்கு மூணு நாலு அளவு வலி இருந்து மறுநாள் காலைல பழையபடி இருந்தா பரவாயில்ல, அதுக்கு மேல போனா கலரையோ எண்ணிக்கையையோ குறைக்கணும்னு சொல்லியிருந்தாங்க, அத அப்படியே பின்பற்றினேன். நாலாவது வாரம் ஒருநாள் பாட்டில் மூடியை திறந்து குடிச்சு முடிச்சப்புறம்தான் வலிக்கலைங்குறதே உறைச்சுது. எட்டாவது வாரம் கோர்ட்டுக்குப் போனேன். முதல்ல 20 நிமிஷம் டிங்க் மட்டும் (வலைக்குப் பக்கத்துல பந்தை மெதுவா தட்டிப் போடுறது), அடுத்த வாரம் சர்வ், பேக்ஹேண்ட் டிரைவும் ஸ்மாஷும் கடைசியா.

முழங்கைக்குக் கீழ கட்டுற ஸ்ட்ராப்பும் வச்சிருக்கேன். ஆடும்போது வலியைக் குறைக்குது, உண்மை, ஆனா குணமாக்குறது அது இல்ல. அதையும் பாதி பேர் வலிக்கிற எலும்பு மேலயே கட்டுறாங்க, ரெண்டு விரல் கீழ தள்ளி தசை மேல கட்டணும். ஸ்டீராய்டு ஊசி போட்டா சில வாரம் சுகமா இருக்கும், ஆனா ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா ஊசி போடாதவங்கதான் தேவலையா இருக்காங்கன்னு ஆய்வுகள்ல வந்திருக்கு, அதனால நான் அந்தப் பக்கம் போகல.

தடி மட்டும் போதும்னு நினைக்காதீங்க. என் பேடில் பிடி ரொம்ப ஒல்லியா இருந்துச்சு, ஒல்லியான பிடியை தானாவே இறுக்கிப் பிடிப்போம், அதனால மேல ஒரு ஓவர்கிரிப் சுத்தினேன். பிடியோட அழுத்தத்தை பத்துக்கு நாலுக்கு கொண்டு வந்தேன், பேக்ஹேண்டுக்கு ரெண்டாவது கையையும் சேத்துக்கிட்டேன். இதெல்லாம் மாத்தாம தடியை மட்டும் முறுக்கியிருந்தா வலி மறுபடி வந்திருக்கும்னுதான் எனக்குத் தோணுது.

இன்னொண்ணு, இது கைக்கான சாமான். தலைக்கு மேல தூக்கி அடிக்கிற லாப் பந்துக்கு முகத்தைத் திருப்பாம பின்னாடியே ஓடி விழுந்து மணிக்கட்டு உடையுறது, ரன்னிங் ஷூ போட்டு பக்கவாட்டுல நகந்து கணுக்கால் பிசகுறதுக்கெல்லாம் இது உதவாது. அதுக்கு திரும்பி ஓடப் பழகணும், கோர்ட் ஷூ போடணும். ஆனா குதிகால் மேல இருக்குற அக்கிலீஸ்ங்குற தசைநார்ல வலி இருக்குறவங்களுக்கு இதே மெதுவா இறக்குற தத்துவம்தான், படியோட ஓரத்துல நின்னு குதிகாலை மெல்ல கீழ இறக்குற பயிற்சி. படக்னு சத்தம் கேட்டு காலை ஊன முடியாம போனா மட்டும் பயிற்சி கியிற்சின்னு இருக்காம உடனே டாக்டர்கிட்ட போயிடுங்க. முழங்கை வலியோட விரல் மரத்துப் போனாலோ கழுத்து வலிச்சாலோ கூட அப்படித்தான், அது டென்னிஸ் எல்போவாவே இல்லாம இருக்கலாம்.

ரப்பர் அலர்ஜி இருக்குறவங்க வாங்குறதுக்கு முன்னாடி எதால செஞ்சதுன்னு பாத்துக்கோங்க. மூணு மாசத்துல என் தடியில ஒரு வெடிப்பு கூட இல்ல, அஞ்சுக்கு அஞ்சு தாராளமா குடுப்பேன். முதல்ல அவசரப்பட்டு வாங்கின பச்சையை போன வாரம் வெளிய எடுத்தேன், 15 தடவை நடுக்கம் இல்லாம வருது.