பிகானேரிலிருந்து ஒரு நாள் நிலவியல் பயணம்: லூன்கரன்சர் ஏரிப்படுகையும் நால் குவாரியும்

ஒட்டகச் சவாரியையும் அந்திநேர மணல்மேட்டையும் மட்டுமே காட்டி அனுப்பும் சுற்றுலாக்களுக்கு நடுவே, தார்ப் பாலைவனத்தின் பழங்காலத் தட்பவெப்பம் எவ்வாறு கண்டறியப்படுகிறது என்பதையே பொருளாகக் கொண்ட ஒரு பயணத்தைச் சிறிய நிறுவனம் ஒன்று நடத்துகிறது. கடந்த சனவரியில் நாங்கள் நால்வர் அதில் கலந்துகொண்டோம்.

காலையில் லூன்கரன்சர். இன்று உப்புப் பூத்துக் கிடக்கும் வெண்ணிறப் படுகை அது. வழிகாட்டியாக வந்த ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர் பழைய பள்ளமொன்றின் சுவரைக் காட்டி, நீர் நிலைத்து நின்ற காலத்தில் நுண்களிமண் மெல்லிய அடுக்குகளாகப் படிந்ததையும், நீர் சுண்டிய காலத்தில் ஜிப்சம் படிகங்கள் உருவானதையும், களிமண்ணில் சிக்கிய மகரந்தத் தூளைக் கொண்டு அன்றைய செடிகொடிகளை இனங்காண்பதையும் நிதானமாக விளக்கினார். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நின்றபடியே கேட்டோம். எவருக்கும் சலிப்பு ஏற்படவில்லை.

குறை அவர்கள் கொடுத்த கையேட்டில்தான் இருக்கிறது. மழை மிகுந்திருந்ததால் சிந்துவெளி நகரங்கள் தழைத்தன என்றும், ஏரிகள் வற்றியதும் அவை வீழ்ந்தன என்றும் அது கூறுகிறது. இது 1970களில் குர்தீப் சிங் தம் மகரந்த ஆய்வுகளிலிருந்து முன்வைத்த கருத்து. அந்நாளில் அது முன்னோடிப் பணி என்பதில் ஐயமில்லை. ஆனால் இதே லூன்கரன்சர் படிவுகளைக் கார்பன்-14 முறையில் நெருக்கமாகக் காலங்கணித்து 1999இல் வெளியான ஆய்வு, ஏரி முற்றிலும் வற்றி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னரே, வறண்ட சூழலிலேயே அந்நகரங்கள் எழுந்தன என்று காட்டியது. ஏரிக்கரையிலேயே நின்று, அந்த ஏரியே மறுத்த ஒரு கருத்தைப் படிக்க நேர்ந்தது சற்று வேடிக்கையாக இருந்தது. சுட்டிக்காட்டியபோது வழிகாட்டி தயங்காமல் ஒப்புக்கொண்டார். கையேட்டை எழுதியவர் வேறொருவராம்.

பிற்பகலில் பிகானேருக்கு அருகிலுள்ள நால் குவாரி. மணல்மேடுகளுக்கு அடியில் புதைந்திருந்த ஆற்று மணலும் சரளைக் கற்களும் அங்கே வெட்டுமுகத்தில் தெளிவாகத் தெரிகின்றன. அந்த மணலில் உள்ள குவார்ட்ஸ் துகள்கள் வெயில்பட்டவுடன் தம்முள் சேர்ந்திருந்த ஆற்றலை இழந்துவிடுகின்றன. புதையுண்ட பின் சுற்றுப்புற மண்ணின் இயற்கைக் கதிரியக்கத்தால் அது மீண்டும் சிறுகச் சிறுகச் சேர்கிறது. ஒளி புகாத குழாயில் மாதிரி எடுத்து, ஆய்வகத்தின் மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் பிரித்து, அத்துகள்கள் உமிழும் ஒளியை அளந்தால் அவை கடைசியாக வெயிலைக் கண்ட காலம் கிடைக்கும். இம்முறையில் ஏறத்தாழ 1,72,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஆறு ஓடியது உறுதியாயிற்று. 2020இல் வெளியான அந்த ஆய்வில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு என்று வழிகாட்டி கூறியபோது, எங்கள் வண்டிக்குள் சிறிது பெருமிதம் எழுந்ததை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் நாலுக்கு ஒதுக்கியது வெறும் நாற்பது நிமிடம். வெட்டுமுகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்து முடிப்பதற்குள், விருப்பப் பட்டியலில் நாங்கள் குறிக்காத மணல்மேட்டு அந்திக்காட்சிக்காக வண்டியில் ஏற்றிவிட்டார்கள். முன்பதிவின்போதே அதனை நீக்கி, அந்நேரத்தைக் குவாரிக்குத் தரும்படி எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. ஏரிப்படுகையில் நிழலே இல்லை என்பதால் தொப்பியும் குடிநீரும் நாமே கொண்டுசெல்ல வேண்டும். வழிகாட்டிக்காக மட்டும் ஐந்துக்கு நான்கு தருவேன். கையேட்டை அறையிலேயே விட்டுவிட்டுச் செல்லலாம்.