எஸ்எம்பிஎஸ் டெஸ்டர்: காலையில் அடம்பிடிக்கும் சிஸ்டத்துக்கு எவ்வளவு உதவும்?

பவர் பட்டனை நாலைந்து தடவை அழுத்தினால்தான் காலையில் சிஸ்டம் ஆன் ஆகிறது. ஆன் ஆகிவிட்டால் ராத்திரி வரை எந்தத் தொல்லையும் இல்லை. டெஸ்க்டாப் புகார்களில் ஆளை ரொம்பவே குழப்புவது இதுதான். சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே முதல் அழுத்திலேயே ஆன் ஆகும். "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்புவார்கள்; இல்லாவிட்டால் மதர்போர்டு போய்விட்டது என்று பெரிய தொகையாகச் சொல்வார்கள்.

இதற்குப் பலரும் வாங்குவது எல்சிடி திரை வைத்த எஸ்எம்பிஎஸ் டெஸ்டர். எஸ்எம்பிஎஸ் என்பது வீட்டு மின்சாரத்தைச் சிஸ்டத்துக்கு வேண்டிய சிறு வோல்ட்டுகளாக மாற்றித் தரும் பெட்டி; அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று டெஸ்டர் பார்க்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி. சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் வெவ்வேறு பெயர்களில் விற்கிறது. எல்லாம் ஏறக்குறைய ஒரே சாமான்தான். நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றின் விலையில் சிறு பகுதிதான் ஆகும். வாங்கலாம். ஆனால் எப்போது சோதிக்கிறோம், எந்த எண்ணைப் பார்க்கிறோம் என்பதில்தான் அதன் பயன் முழுவதும் இருக்கிறது.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் பெரிய 24 பின் கனெக்டரை டெஸ்டரில் செருகிப் பிளக் சுவிட்சைப் போட்டதும் டெஸ்டர் ஒரு பீப் கொடுக்கும். ஆன் செய்யும் பச்சை ஒயரைத் தானே கிரவுண்டோடு (கருப்பு ஒயர்) சேர்த்து எஸ்எம்பிஎஸ்ஸை ஓடவைக்கும். திரையில் +12, +5, +3.3, -12, 5விஎஸ்பி (சிஸ்டம் அணைந்திருக்கும்போதும் வரும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை லைன்) ஆகியவற்றின் வோல்ட் அளவும், பிஜி (பவர் குட்) என்ற பெயரில் ஒரு மில்லிசெகண்ட் எண்ணும் வரும். லைன் வராவிட்டால் திரையில் எல்எல் என்றும், அளவு மிஞ்சினால் எச்எச் என்றும் காட்டும். சிபியு, கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவற்றின் கனெக்டர்களுக்கும், டிரைவ்களுக்குப் போகும் சாட்டா, மோலெக்ஸ் (நாலு பின் கொண்ட பழைய வகை) கனெக்டர்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. சிபியு 8 பின்னும் கிராஃபிக்ஸ் 8 பின்னும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியவை. கனெக்டரில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு, ஒவ்வொன்றாகச் செருகுங்கள். பலத்தைக் காட்டித் திணிக்க வேண்டாம்.

அளவுகளின் எல்லை: 12 வோல்ட் லைன் 11.4 முதல் 12.6 வரை, 5 வோல்ட் 4.75 முதல் 5.25 வரை, 3.3 வோல்ட் 3.14 முதல் 3.47 வரை. 5விஎஸ்பிக்கும் 4.75 முதல் 5.25 வரைதான். மைனஸ் 12-க்கு மட்டும் 10 சதவீதம் இடம் உண்டு. இன்றைய போர்டுகளில் அதற்கு அநேகமாக வேலையே இல்லை.

இந்தப் புகாருக்கு முக்கியமான எண் பிஜி. எஸ்எம்பிஎஸ் ஓடத் தொடங்கி எல்லா லைனும் நிலைக்கு வந்தபின், "இனி நீ கிளம்பலாம்" என்று சாம்பல் நிற ஒயர் வழியாகப் போர்டுக்குத் தகவல் போகிறது. அதற்கு எடுக்கும் நேரம் 100 முதல் 500 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். சில டெஸ்டர்களின் கையேடு 900 வரை சரி என்று சொல்லும். அதை ஏற்க வேண்டாம். தகவல் சீக்கிரமே வந்துவிட்டால் லைன்கள் நிலைக்கு வருமுன்னே பிராசசர் கிளம்பி முழிக்கும்: ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது. தகவல் வராமலே போனால் போர்டு ரீசெட் நிலையிலேயே நிற்கும். வோல்ட் எல்லாம் ஒழுங்காக இருக்க, பிஜி மட்டும் ஒருமுறை 240, அடுத்த முறை 30, அதற்கடுத்து 0 என்று தாவினால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றத்தான் வேண்டும். எனவே ஒரு தடவை பார்த்துவிட்டு நிறுத்தாமல், இரண்டு நிமிட இடைவெளி விட்டு ஐந்து முறையாவது பாருங்கள்.

இனி நேரம். ராத்திரியே பிளக் சுவிட்சை அணைத்துவிடுங்கள். காலையில் சிஸ்டத்தைத் தொடுவதற்கு முன், எஸ்எம்பிஎஸ் ஆறிக் கிடக்கும்போது, முதல் சோதனையைச் செய்யுங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் கெபாசிட்டர்களின் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகங்கள்) உள்ளீரம் வற்றிப்போயிருக்கும். அப்படிப்பட்டவை குளிர்ந்த நிலையில் வேலை செய்யாது; கொஞ்சம் சூடேறியதும் சமாளித்துவிடும். நாலாவது அழுத்தில் சிஸ்டம் ஆன் ஆவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பிளக் சுவிட்ச் போட்டிருக்கும் நேரமெல்லாம் ஸ்டாண்ட்பை பகுதி ஓடிக்கொண்டே இருப்பதால் முதலில் தளர்வது அங்குள்ள கெபாசிட்டர்கள்தான். மதியம் கடையில் சோதித்தால் அதே டெஸ்டர் அதே எஸ்எம்பிஎஸ்ஸுக்கு எல்லாம் சரி என்று காட்டும். அதில் டெஸ்டரின் தவறு ஒன்றும் இல்லை.

குறைகள் இரண்டு. முதலாவது, திரையில் ஒரே ஒரு தசம இடம்தான். 4.8 என்று காட்டினால் உண்மையில் 4.76 ஆகவும் இருக்கலாம். இரண்டாவது, இதுதான் பெரியது: டெஸ்டர் கொடுக்கும் லோடு, அதாவது அது இழுக்கும் மின்சாரம், மிகச் சிறியது. உள்ளே ஒரு சிறு ரெசிஸ்டர், அவ்வளவுதான். அதுவும் சூடாகும் என்பதால் நெடுநேரம் செருகி வைக்கக் கூடாது. பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து இழுக்கும்போது 12 வோல்ட் 11-க்கு இறங்குகிறதா என்பது இதில் தெரியவே தெரியாது. ஆகவே டெஸ்டர் "கெட்டது" என்றால் நம்புங்கள். "நல்லது" என்றால் பாதிதான் நம்பலாம். பச்சையையும் கருப்பையும் கம்பியால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஃபேன் சுற்றினால் 12 வோல்ட் ஏதோ வருகிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

மீதிப் பாதிக்கு மல்டிமீட்டர் வேண்டும். டிசி 20 வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையை மோலெக்ஸின் கருப்பு ஒயரில் செருகுங்கள். 24 பின் கனெக்டர் போர்டிலேயே இருக்கட்டும்; சிவப்பு முனையை அதன் பின்பக்கமாக, ஒயர் நுழையும் இடத்தில் மெல்ல இறக்குங்கள். பக்கத்துப் பின்னில் படக் கூடாது.

முதலில் ஊதா, 9-ஆவது பின். சிஸ்டம் அணைந்திருக்கும்போதும் இங்கே 5 வோல்ட் இருக்க வேண்டும். பட்டனை அழுத்தியதும் 4.75-க்குக் கீழே சரிந்தால் ஸ்டாண்ட்பை பகுதி தளர்ந்திருக்கிறது. அடுத்து பச்சை, 16-ஆவது பின். பட்டனை அழுத்தியதும் 0.8 வோல்ட்டுக்குக் கீழே, ஏறக்குறைய பூஜ்யத்துக்கு விழ வேண்டும். விழவே இல்லையென்றால், ஊதாவில் 5 வோல்ட் சரியாக இருக்கும் பட்சத்தில், குற்றம் பட்டனிலோ போர்டிலோ இருக்கிறது. பச்சை விழுந்தும் மஞ்சளில் 12 வரவில்லையென்றால் எஸ்எம்பிஎஸ், அல்லது எங்கோ ஷார்ட். கிராஃபிக்ஸ் கார்டையும் டிரைவ்களையும் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். எல்லாம் வந்து, சாம்பல் நிற 8-ஆவது பின்னும் 5 வோல்ட் பக்கம் ஏறிவிட்டால் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் பெரும்பாலும் நீங்கிவிடும். புது எஸ்எம்பிஎஸ்களில் ஒயர் எல்லாமே கருப்பாக இருந்தால் எண்ணித்தான் பார்க்க வேண்டும்: லாட்ச் (கனெக்டரைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) இருக்கும் வரிசை 13 முதல் 24 வரை, மற்றது 1 முதல் 12 வரை.

டெஸ்டர் கண்ணுக்கே தெரியாத காரணங்களும் உண்டு. போர்டில் பவர் சுவிட்ச் ஒயரை எடுத்துவிட்டு அந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொடுங்கள். ஒவ்வொரு தடவையும் உடனே ஆன் ஆனால் பட்டன்தான் போயிருக்கிறது. கேபினட்டின் ரீசெட் பட்டன் ஒயரை அங்கே மாற்றிச் செருகி, அதையே பவர் பட்டனாக வைத்துக்கொண்டால் செலவில்லாமல் முடிந்தது. ராம் ஒன்றை மட்டும் விட்டு, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் துடைத்து அழுத்திச் செருகிப் பாருங்கள். போர்டில் இருக்கும் காசு வடிவ சிஆர்2032 செல் 2.7 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். சாயங்காலம் மட்டும் தகராறு என்றால் வீட்டின் லைன் வோல்டேஜைப் பாருங்கள். 230-க்கு வெகுவாகக் குறைந்தால் சில எஸ்எம்பிஎஸ் கிளம்பாது.

டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 போல, 24 பின் இல்லாத கம்பெனி சிஸ்டம் வைத்திருப்பவர்கள் இந்த டெஸ்டரை வாங்க வேண்டாம். அதன் 8 பின் கனெக்டர் இதில் எங்கும் பொருந்தாது. டெஸ்டர் கெட்டது என்று காட்டிவிட்டதே என்று எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து கெபாசிட்டர் மாற்றவும் இறங்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். அது உயிரையே எடுக்கும்.

வாங்கும்போது கடையிலேயே புது எஸ்எம்பிஎஸ் ஒன்றைச் செருகச் சொல்லுங்கள். திரையில் தெரியும் 12 வோல்ட்டையும், அந்த எஸ்எம்பிஎஸ்ஸின் மோலெக்ஸ் மஞ்சளில் மல்டிமீட்டர் காட்டுவதையும் ஒப்பிடுங்கள். 0.2-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேறொன்றை எடுக்கச் சொல்லுங்கள்.