பழுது பார்த்த பேட்டும் கிக்கரும்: தம்பின் விளையாட்டுப் பொருள் கடை ஒன்றைப் பற்றி

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் ஊர் ஹாக்கி அணி சொந்தத் திடலில் நடைபெற்ற லீக் ஆட்டத்தில் 2-1 என்ற கோல் கணக்கில் வென்றது. கோல் காத்தவன் 17 வயதுடைய என் அக்காள் மகன். அவன் அன்று அணிந்திருந்த பேட் (காலில் கட்டும் காப்பு), கிக்கர் (பாதத்தின் மேல் அணியும் காப்பு), கையுறை ஆகிய அனைத்தும் மலேசியாவின் தம்பின் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் உள்ள சிறிய விளையாட்டுப் பொருள் கடையில் பழுது பார்த்து விற்கப்பட்டவை. செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த இவ்வூரில் பிள்ளைகளுக்குக் கோல் கீப்பர் உபகரணம் தேடும் பெற்றோருக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒரு செட்டுக்கு 600 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தோம். புதிய செட்டுக்கு இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். ஆனால் நான் இக்கடையைப் பாராட்டுவது விலைக்காக மட்டுமன்று. கடைக்காரர் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே பையனைக் காலணியுடன் நிற்கச் சொல்லிப் பேட்டைக் கட்டினார். அதன் வளைவு முழங்காலுக்கு நேராக அமைகிறதா என்று பார்த்தார். பிறகு கடைக்கு வெளியே உள்ள ஐந்தடி நடைபாதையில் இருபுறமும் தாவச் சொன்னார். முதல் இரண்டு செட்டுகள் சரிப்படவில்லை. அவற்றுள் ஒன்று பளபளப்பாக, பார்ப்பதற்குப் புதியதைப்போலவே இருந்தது. அவரோ அதன் நுரைப் பலகையைக் கட்டை விரலால் அழுத்திக் காட்டி, அழுந்திய இடம் மெதுவாகத்தான் மேலெழுகிறது என்று சொல்லி, தாமே அதை உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

அந்தச் சோதனையின் அருமை எனக்கு உடனே விளங்கியது. நான் தோட்ட அணிக்குக் கோல் காத்த நாட்களில் எங்களுக்குக் கிடைத்தது துணிக்குள் பஞ்சடைத்த பேட். 156 முதல் 163 கிராம் வரை எடையுள்ள கெட்டியான பந்து அதில் பட்டால் வலி குறையும். ஆனால் பந்து காலடியிலேயே விழும், எதிரணியின் முன்னாட்டக்காரர் அதற்காகவே காத்திருந்து இரண்டாவது அடியில் கோலாக்கிவிடுவார். இன்றைய அடர்ந்த நுரைப் பேட்டும் கிக்கரும் பந்தைத் தொலைவுக்குத் திருப்பி அனுப்புகின்றன. வெயிலில் காய்ந்தும் பல்லாண்டு அடி வாங்கியும் நுரை தளர்ந்துவிட்டால் அந்தத் துள்ளல் போய்விடும். வெளித்தோற்றத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க இயலாது.

ஞாயிறன்று ஆட்டம் முடிய மூன்று நிமிடங்களே இருந்தபோது எதிரணிக்குக் கோல் அடிக்க நல்ல வாய்ப்பான பெனால்டி கார்னர் கிடைத்தது. மதியம் பெய்த மழையில் புல் ஈரமாக இருந்தது. எங்கள் அணியில் கோல் கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்க, மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் அனுப்பப்பட்டனர். மட்டையால் இழுத்துச் சுண்டிவிடும் டிரேக் பிளிக் முறையில் வந்த பந்து வலது கம்பத்தின் அடியை நோக்கித் தாழ்வாகப் பாய்ந்தது. பையன் வலது காலை நீட்டினான். கிக்கரின் உட்பக்கத்தில் பட்ட பந்து பக்கவாட்டில் பறந்து கோலுக்கு முன்னுள்ள வட்டத்தையே தாண்டிப் போயிற்று. நான் அன்று கட்டியிருந்த பேட்டாக இருந்திருந்தால் அது கோலுக்கு இரண்டடி முன்னால் கிடந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலை நீட்டிய துணிவும் வேகமும் பையனுடையவை. அவனுக்குப் பயிற்சி கொடுத்த ஆசிரியரின் உழைப்பு அதில் இருக்கிறது. ஆயினும் பந்து அவ்வளவு தூரம் போனதில் நல்ல நுரைக்கும் பங்கு உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தலைக்கவசமும் பழையதாகவே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது கடைக்காரர் மறுத்துவிட்டார். "ஹெல்மெட் மட்டும் பழசு வேணாம்ண்ணே, உள்ள விரிசல் இருந்தா கண்ணுக்குத் தெரியாது" என்றார். அவரிடம் அந்த அளவில் புதியது இல்லாததால் சிரம்பான் நகருக்குப் போய் வாங்கினோம். கிடைக்க வேண்டிய வியாபாரத்தை இப்படி விட்டுக்கொடுத்தவரிடம் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

குறைகளும் உள்ளன. அறுந்த வார்களை மாற்றித் தைக்க நான்கு நாட்கள் ஆகும் என்றவர் ஒன்பது நாட்கள் எடுத்துக்கொண்டார். ஆட்டத்துக்கு முந்திய நாள்தான் செட் கைக்கு வந்தது, அன்று இரவு பையன் அதைக் கட்டிக்கொண்டு வீட்டு முற்றத்திலேயே பழக வேண்டியதாயிற்று. ரசீதைக் கேட்டுத்தான் வாங்கினோம். பெண் பிள்ளைகளுக்கான சிறிய அளவுகள் ஏறக்குறைய இல்லை. இது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது, ஏனெனில் எங்கள் திடலில் மாலையில் பயிற்சிக்கு வருவோரில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள்.

ஜகார்த்தாவில் 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்ற மலேசிய அணியின் கோல் கீப்பர் எஸ். குமார் பிறந்த ஊர் தம்பின். அவருடைய படத்தைத் தன் அறையில் ஒட்டி வைத்திருக்கும் பையனுக்கு, பேட் கட்டி நிற்கும் ஆசை இனி குறையாது. இடது கிக்கரின் வார் சற்றுத் தளர்ந்திருப்பதால், அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு வாரங்கள் முன்னதாகவே அதே கடையில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறோம்.