கீழே விழுந்தே பழகிய டார்ச்: ஆறு வருடப் பயன்பாடு

பேராவூரணிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பு இருக்கிறது. மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்ட் எப்போது ஒழுங்காக வருகிறதோ அப்போதுதான் தண்ணீர் பாய்ச்ச முடியும். பாதி நாள் அது ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஆகிவிடும். ஒரு கையில் மண்வெட்டி, இன்னொரு கையில் டார்ச். மடை மாற்றக் குனிந்தால் டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும். நிமிர்ந்தால் அது விழும். வரப்பில் விழும், வாய்க்காலில் விழும், மோட்டார் கொட்டகை சிமெண்ட் தளத்திலும் விழும். அதனால் டார்ச் வாங்கும்போது எங்கள் வீட்டில் முதல் கேள்வி, ‘எவ்வளவு தூரம் அடிக்கும்?’ அல்ல. ‘விழுந்தால் எரியுமா?’ என்பதுதான்.

தாத்தா காலத்தில் மூன்று கட்டை பித்தளை டார்ச். அது விழுந்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, ஒரு நசுங்கல்தான். ஆனால் உள்ளே பல்பின் இழை அறுந்துவிடும். தாத்தா ஒரு உபரி பல்பைத் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து மடியில் வைத்திருப்பார். எல்.இ.டி. வந்த பிறகு இழை என்ற சங்கதியே இல்லை. அப்படியென்றால் இனி டார்ச் உடையவே உடையாது என்று நானும் நினைத்தேன்.

அந்த நினைப்பு கஜா புயலோடு போனது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த அந்தப் புயல் எங்கள் தோப்பை என்ன செய்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. டார்ச் கதை மட்டும் சொல்கிறேன். பஸ் ஸ்டாண்ட் கடையில் வாங்கிய, தலையை முன்னும் பின்னும் இழுத்தால் வெளிச்சம் குவிகிற ஜூம் டார்ச் ஒன்று அப்போது கையில் இருந்தது. புயலுக்கு மறுநாள் இரவு, சாய்ந்து கிடந்த மரத்தைத் தாண்டும்போது இடுப்பு உயரத்தில் இருந்து சிமெண்ட் தொட்டி விளிம்பில் விழுந்தது. அணைந்தது. தட்டினேன், எரிந்தது. நாலு அடி நடந்தேன், அணைந்தது. ஊருக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. அத்தனை நாளும் அந்த டார்ச்சை அறைந்து அறைந்துதான் எரியவைத்தேன்.

பிறகு பிரித்துப் பார்த்தபோது எல்.இ.டி. நன்றாகவே இருந்தது. மூன்று சின்ன பேட்டரிகளைச் சேர்த்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் கூட்டில் ஒரு தகடு வளைந்து போயிருந்தது. அவ்வளவுதான். பத்துப் பைசா தகடு. இழை போன இடத்தில் இப்போது தகடும் ஸ்பிரிங்கும் ஸ்விட்சும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. டார்ச் அவற்றில்தான் சாகிறது.

2019 ஜனவரியில் 3,200 ரூபாய்க்கு ‘டேக்டிகல்’ வகை டார்ச் ஒன்று வாங்கினேன். மாடல் பெயர் எழுதவில்லை, அது இப்போது விற்பனையிலும் இல்லை. ஒற்றை 18650 பேட்டரி (18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளமுள்ள, சார்ஜ் ஏற்றுகிற லித்தியம் கட்டை), பின்மூடியில் அழுத்துகிற ஸ்விட்ச், அலுமினிய உடம்பு, முகப்பில் பல் பல்லாக ஒரு கிரீடம். இந்த ‘டேக்டிகல்’ என்ற சொல்லைக் கண்டு மயங்க வேண்டாம். போலீசும் ராணுவமும் ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் டார்ச் பிடிப்பதற்காக ஸ்விட்சைப் பின்னால் வைத்தார்கள். இன்று கறுப்புப் பெயிண்ட் அடித்த எதற்கும் அந்தப் பெயரைப் போட்டு விற்கிறார்கள்.

வாங்கும் முன் அட்டைப்பெட்டியில் இருக்கிற எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஓரளவு நம்பத் தகுந்த தயாரிப்பாளர்கள் எஃப்.எல். 1 என்ற அமெரிக்கத் தர அளவைப் பின்பற்றி எண்களைத் தருகிறார்கள். அதில் லூமென் என்பது டார்ச் தருகிற மொத்த வெளிச்சம், ஸ்விட்ச் போட்டு அரை நிமிடம் கழிந்த பின் அளந்தது. என் டார்ச்சில் 1,000 லூமென் என்று இருந்தது. மூன்று நிமிடத்தில் உடம்பு சுட ஆரம்பித்ததும் அதுவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். பாதிக்கும் கீழே போய்விடும். இது குறை இல்லை, சூட்டில் எல்.இ.டி. கருகாமல் இருக்கச் செய்கிற வேலைதான். ஆனால் 1,000 என்று நம்பி வாங்குகிறவர் ஏமாறுவார்.

தூரக் கணக்கு அதைவிட வேடிக்கை. 200 மீட்டர் என்று போட்டிருந்தால், 200 மீட்டரில் அதன் வெளிச்சம் 0.25 லக்ஸ் (ஓர் இடத்தில் விழுகிற வெளிச்சத்தின் அளவு) என்று பொருள். கிட்டத்தட்ட தெளிவான பௌர்ணமி நிலவு அளவு. நிலவு வெளிச்சத்தில் தென்னை மரம் தெரியும், அதன் கீழே நிற்பது மாடா மனுஷனா என்று தெரியாது. தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு. ஆகவே பெட்டியில் உள்ள மீட்டரைப் பாதியாக்கிக்கொண்டால் உருப்படியாகப் பார்க்கிற தூரம் கிடைக்கும்.

அப்புறம் ஒரு சின்னப் படம் இருக்கும், கீழே விழுகிற டார்ச் மாதிரி, பக்கத்தில் 1 மீ. அல்லது 1.5 மீ. என்று. அந்த உயரத்தில் இருந்து கான்கிரீட் தரையில் போட்டும் விரிசல் விடாமல் எரிந்தது என்பதற்கு அது அடையாளம். நான் ஆறு அடிக்குக் கொஞ்சம் குறைவு. தோளில் இருந்து நழுவினால் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். அதனால் 1.5 போட்டதையே தேடினேன். ஆனால் அந்தச் சோதனையில் பாஸான டார்ச் நாலு வருடம் கழித்து நாற்பதாவது முறை விழும்போது என்ன ஆகும் என்பதை எந்தப் படமும் சொல்லாது.

என் டார்ச் எத்தனை முறை விழுந்தது என்று எண்ணவில்லை. மாதத்துக்கு இரண்டு என்று வைத்தாலும் நூறைத் தாண்டும். மூன்று விழுகைகள் மட்டும் ஞாபகம் இருக்கின்றன.

முதலாவது, மேல்நிலைத் தொட்டி ஏணியில் இருந்து. பத்தடி இருக்கும். தலைகீழாகப் போய் செங்கல் அடுக்கில் விழுந்தது. கிரீடத்தில் ஒரு பல் மழுங்கியது, கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கிரீடத்தை அதுவரை வெறும் வெட்டி அலங்காரம் என்று திட்டிக்கொண்டிருந்தேன், மூன்று சட்டைப் பையைக் கிழித்திருந்தது. அன்று வாயை மூடிக்கொண்டேன். கண்ணாடி உள்ளடங்கி இருந்ததால்தான் தப்பித்தது.

இரண்டாவது, வாய்க்காலில். ராத்திரி விழுந்தது தெரியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். காலையில் தண்ணீருக்கு அடியில் மங்கலாக எரிந்துகொண்டு கிடந்தது. திறந்து பார்த்தால் உள்ளே சொட்டு ஈரம் இல்லை. பக்கத்துத் தோப்பு மாமா, “மாப்ள, மீனு பிடிக்கப் போட்டியா?” என்று கேட்டார்.

மூன்றாவது, டிராக்டர் முன் சக்கரத்துக்கு அடியில். இதைச் சொன்னால் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். உண்மையில் அன்று உழுத மண், சேறு. டார்ச் மண்ணுக்குள் அமுங்கியது, அவ்வளவுதான். பெருமை மண்ணுக்குத்தான் போக வேண்டும்.

நிஜமான சேதம் சாதாரணமான ஒரு விழுகையில்தான் நடந்தது. 2021 வாக்கில், இடுப்பு உயரத்தில் இருந்து, பின்மூடி கீழே பட நேராக விழுந்தது. அணைந்துவிட்டது. எங்கள் ஊரில் மோட்டார் வைண்டிங் பார்க்கிற அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் பேட்டரியைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “டார்ச்சு நல்லாத்தான் இருக்கு தம்பி. கட்டைதான் செத்துப்போச்சு.”

விஷயம் இதுதான். ஒரு 18650 பேட்டரி 45 கிராமுக்கு மேல் எடை. டார்ச் தரையில் மோதி நிற்கும்போது உள்ளே இருக்கிற பேட்டரி நிற்காமல் சுத்தியல் மாதிரி ஒரு பக்கம் போய் இடிக்கும். ஒரு பக்கம் மட்டும் ஸ்பிரிங் இருந்தால் அடுத்த பக்கத்தில் தகடோ சர்க்யூட்டோ அந்த அடியை வாங்கும். என் டார்ச்சில் இரண்டு பக்கமும் ஸ்பிரிங். அதனால் டார்ச் பிழைத்தது. ஆனால் அதில் போட்டிருந்தது, அளவுக்கு மீறி சார்ஜ் ஏறாமலும் இறங்காமலும் தடுக்கிற பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள பேட்டரி. அந்தச் சர்க்யூட் பேட்டரியின் அடியில் வட்டமாக ஒட்டியிருக்கும், ஒரு மெல்லிய பட்டை அதை மேல் முனையோடு இணைக்கும். அதுதான் விட்டுப் போயிருந்தது. பாதுகாப்புச் சர்க்யூட் தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. உபரியாக ஒரு பேட்டரி வீட்டில் இருக்கட்டும், டார்ச்சைக் குறை சொல்லும் முன் அதை மாற்றிப் பாருங்கள்.

கடையில் டார்ச்சை ஆராய்கிறவர்கள் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். மூடியில் ஒரு ஸ்பிரிங் தெரியும். குழாய்க்குள்ளே செல்போன் வெளிச்சம் அடித்து, தலைப்பக்கமும் ஸ்பிரிங் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரியைப் போட்டு மூடி, காதருகே வைத்து ஆட்டுங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

மாற்று பேட்டரி வாங்கப் போன இடத்தில் ஒரு பாடம். 9,900 எம்.ஏ.எச். (பேட்டரி எவ்வளவு மின்சாரம் சேர்த்து வைக்கும் என்ற அளவு) என்று கொட்டை எழுத்தில் போட்ட 18650 பேட்டரி மலிவாகக் கிடைத்தது. ஒன்றுக்கு இரண்டாக வாங்கினேன். ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அந்த அளவுக் கட்டையில் நல்ல பேட்டரிக்கே 3,500 பக்கம்தான் வரும் என்று பிறகு தெரிந்தது. நகைக்கடையில் வேலை பார்க்கிற சித்தப்பா மகன் தராசில் வைத்துப் பார்த்தான். பழைய பேட்டரி 46 கிராம், புதியது 31. இப்போதெல்லாம் எடை போடாமல் வாங்குவதில்லை.

வெளிச்சத்தின் நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில்தான் நான் தவறு செய்தேன். இந்த டார்ச் நீலம் கலந்த வெள்ளை. கடையில் பளிச்சென்று இருக்கும். தோப்பில் காய்ந்த மட்டையும் சருகும் எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரியும். கட்டுவிரியன் கறுப்பில் வெள்ளைக் கட்டு, ஆகவே தப்பித்துக்கொள்ளலாம். கண்ணாடி விரியன் சருகு நிறத்தில் சங்கிலி போட்டது மாதிரி இருக்கும். ஒரு முறை ஒரு முழம் தள்ளி அதைப் பார்த்தேன், அதுவும் அது சீறியதால். நிறங்களைச் சரியாகக் காட்டுகிற எல்.இ.டி.க்கு சி.ஆர்.ஐ. 90க்கு மேல் என்று போட்டிருப்பார்கள். லூமென் கொஞ்சம் குறையும், குறையட்டும். பாம்புள்ள இடத்தில் நடக்கிறவர்கள் லூமெனை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்ட்ரோப் என்று ஒரு மினுக்கு மோடு, ஸ்விட்சை மூன்று முறை தட்டினால் வந்துவிடும். எங்கள் நாயைத் தவிர யாரையும் அது மிரட்டியதில்லை. பின் ஸ்விட்ச் தற்செயலாக அமுங்கும். ஒருநாள் பைக்கில் போகும்போது பேன்ட் பையில் தானாக எரிந்து தொடை கொப்பளித்துவிட்டது. அன்று முதல் பையில் போடும்போது பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திவிடுவேன். உடம்பில் இருக்கிற, மின்சாரம் கடத்தாத கடினப் பூச்சு மரையிலும் இருப்பதால், தளர்ந்ததும் மின்சாரம் துண்டாகிவிடும், ஸ்விட்சை அமுக்கினாலும் எரியாது. எல்லா டார்ச்சிலும் இப்படி இல்லை, வாங்கும்போதே தளர்த்திப் பாருங்கள்.

சார்ஜ் துளை உடம்பிலேயே இருக்கிற மாடலைத் தம்பி வாங்கினான். வசதிதான். இரண்டு மழைக்காலத்தில் அந்தத் துளையை மூடுகிற ரப்பர் தளர்ந்து மண் போய் அடைத்துக்கொண்டது. எனக்குத் தனி சார்ஜரே சரிப்படுகிறது.

பராமரிப்பு என்று பார்த்தால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மரையைத் துணியால் துடைத்து, ரப்பர் வளையத்துக்கு சிலிக்கான் கிரீஸ் துளி தடவுவேன். முதல் வருடம் வீட்டில் கிடந்த தேங்காய் எண்ணெயைத் தடவினேன். தோப்புக்காரன் புத்தி. பிசுபிசுத்து, மண் ஒட்டி, மூடியைத் திருகினாலே நறநறவென்றது. யாரும் செய்யாதீர்கள்.

இப்போது அதன் கறுப்புப் பூச்சு விளிம்பெல்லாம் தேய்ந்து வெள்ளி மாதிரி மின்னுகிறது. கொக்கி வளைந்து போய்க் கழற்றிவிட்டேன். கண்ணாடியில் மெல்லிய கீறல்கள். வெளிச்சம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. அடுத்ததாக, 21700 என்ற சற்றுப் பெரிய பேட்டரி போடுகிற, மஞ்சள் சாயல் வெளிச்சம் உள்ள ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அந்தப் பேட்டரி 70 கிராம் இருக்கும், சுத்தியலும் அந்த அளவு பெரிது. ஆகவே இரண்டு பக்க ஸ்பிரிங் இருக்கிறதா என்று உறுதியானால்தான் பணம் கட்டுவேன்.

பழையதைத் தூக்கிப்போடும் எண்ணம் இல்லை. மோட்டார் கொட்டகை ஆணியில் தொங்கட்டும். பின் ஸ்விட்சின் ரப்பர் தொப்பி மட்டும் நடுவில் வெடித்திருக்கிறது, இப்போதைக்கு சைக்கிள் டியூப் துண்டு வெட்டி வைத்திருக்கிறேன். 14 மில்லிமீட்டர் அகலத்தில் அந்தத் தொப்பி தனியாகக் கிடைக்கிற கடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.