டோஸ்கா: 1953 பதிவா, 1962 பதிவா?

புச்சீனியின் ‘டோஸ்கா’ ஓபராவுக்கு (இசை நாடகத்துக்கு) எத்தனையோ ஒலிப்பதிவுகள் இருந்தாலும், எது சிறந்தது என்ற பேச்சு பெரும்பாலும் இரண்டில் வந்து நிற்கும். ஒன்று, 1953 ஆகஸ்டில் மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கில் விக்டர் தெ சபாத்தா இசைக்குழுவை நடத்த, மரியா காலஸ் நாயகி டோஸ்காவாகப் பாடியது. மற்றது, 1962இல் வியன்னாவில் ஹெர்பெர்ட் ஃபான் காராயன் நடத்த, லியோன்டைன் பிரைஸ் அதே வேடத்தில் பாடியது. இரண்டையும் எடைபோட ஒரு படிக்கல் தானாகவே கிடைத்திருக்கிறது. இரு பதிவுகளிலும் டோஸ்காவின் காதலனான ஓவியன் காவரதோசியாகப் பாடுபவர் ஜியுசெப்பே தி ஸ்தெஃபானோ என்ற அதே டெனர் (உச்ச ஆண்குரல் பாடகர்)தான்.

1953இல் அவர் குரலில் இளமை ததும்புகிறது. சித்திரவதையில் துவண்டு கிடப்பவன், நெப்போலியன் வென்ற செய்தி கேட்டு ‘வித்தோரியா’ (வெற்றி) என்று கூவும் இடத்தில், அந்த மேல் ஸ்தாயி ஸ்வரம் தயக்கமின்றிப் பாய்ந்து எழுகிறது. ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் ஸ்வரத்துக்கு முன்னால் முயற்சி காதில் விழுகிறது. மூன்றாம் அங்கத்தில் குரலைத் தணித்துப் பாடும் வரிகளில் மட்டும் பழைய இனிமை மீள்கிறது.

ஒலியின் தரம் என்று பார்த்தால் போட்டியே இல்லை. 1953 பதிவு மோனோ, அதாவது இட வலப் பிரிவில்லாத ஒற்றைத் தட ஒலி; 1962 பதிவு இரு தட ஸ்டீரியோ. முதல் அங்கத்தின் முடிவில், தேவாலயத்தில் காவல் தலைவன் ஸ்கார்ப்பியா தன் சூழ்ச்சியைத் தனக்குள் பாடிக்கொண்டிருக்க, இரண்டு மணிகள் மாறி மாறி ஒலிக்க, பீரங்கியும் ஆர்கனும் பாடகர் கூட்டமும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி வரும் கட்டத்தில், மோனோவில் எல்லாம் ஒரே வாசலில் முண்டியடிக்கின்றன. காராயனின் பதிவில் ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியே கேட்கிறது. வியன்னாவின் சோஃபியன்சால் அரங்குக்கும் இதில் பங்கு உண்டு. குளியல் மாளிகையாகக் கட்டப்பட்ட அந்தக் கட்டடத்தில், தரைக்கு அடியிலிருந்த பழைய நீச்சல் குளமே ஒலிக்குச் செழுமை தந்தது என்பார்கள். 2001இல் அது தீக்கிரையானது. ஆனால் மோனோவில் இல்லாதது இடமும் வலமும்தான், தொலைவு உண்டு. இரண்டாம் அங்கத்தில் ஜன்னலுக்கு வெளியே டோஸ்கா பாடும் குரலை ஸ்கார்ப்பியா எரிச்சலுடன் ஜன்னலைச் சாத்தி அடக்கும் தருணம், 1953 பதிவிலும் கண்முன் நடக்கிறது.

ஸ்கார்ப்பியாக்களில் 1962இன் ஜியுசெப்பே தத்தேய்க்குக் கனத்த, அதட்டும் குரல். 1953இன் தித்தோ கோப்பி அதட்டுவதே அரிது. அவர் குழைந்து பேசும்போதுதான் முதுகு சில்லிடுகிறது. முதல் அங்கத்துப் பகுதிகளைத் தெ சபாத்தா அவரிடம் சலிக்காமல் திரும்பத் திரும்பப் பாட வைத்தார் என்பது பிரசித்தம். தெ சபாத்தா ஸ்டூடியோ முறையில் முழுமையாகப் பதிவு செய்த ஒரே ஓபரா இது என்பதை நினைத்தால் அந்தப் பிடிவாதம் புரிகிறது. காராயன் நிதானமானவர், வியன்னா இசைக்குழுவின் நாதத்தில் தாமே மயங்கி, சில இடங்களில் கதையைக் காக்க வைத்துவிடுகிறார்.

வெறும் குரலழகுக்குப் பரிசு என்றால் அது பிரைஸுக்கே. டோஸ்காவின் ‘விஸ்ஸி தார்த்தே’ பாடலின் உச்சத்தில் அவருடைய குரல் புகை படிந்த பட்டுப்போல விரிகிறது. காலஸ் சில ஸ்வரங்களைக் கரகரப்புடனேயே விட்டுவிடுகிறார். சொல்லை மட்டும் விடுவதில்லை. காதலனை விடுவிக்க என்ன வேண்டும் என்று ஸ்கார்ப்பியாவிடம் ‘குவாந்தோ?’ (எவ்வளவு?) என்று கேட்கும் ஒற்றைச் சொல்லில், சந்தையில் பேரம் பேச நேர்ந்த சீமாட்டியின் அருவருப்பு முழுவதும் இருக்கிறது. ஸ்கார்ப்பியாவை டோஸ்கா கொன்ற பிறகு, ‘இவன் முன்னால்தான் ரோமாபுரியே நடுங்கியது’ என்ற வரியைக் காலஸ் பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே, அடித்தொண்டையில் சொல்கிறார். பிரைஸிடம் அந்த வரி நன்றாகப் பாடப்பட்ட வரியாக நின்றுவிடுகிறது.

காலஸும் கோப்பியும் வேண்டும், ஸ்டீரியோவும் வேண்டும் என்பவர்கள் 1964இல் பாரிஸில் ஜோர்ஜ் ப்ரெத்ர் நடத்திய பதிவைத் தேடிப் போவதுண்டு. கார்லோ பெர்கொன்ஸி அதில் அருமையான காவரதோசி. ஆனால் காலஸின் மேல் ஸ்தாயி அதற்குள் ஆடத் தொடங்கிவிட்டது, தெ சபாத்தாவின் கைப்பிடியும் அங்கே இல்லை.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 1953ஐ வாங்குங்கள். காராயனின் பதிவை நான் எடுப்பது அநேகமாக மூன்றாம் அங்கத் தொடக்கத்துக்காகத்தான். செயின்ட் பீட்டர் ஆலயப் பெரிய மணியின் சுருதியைக்கூட விசாரித்தறிந்து புச்சீனி எழுதிய அந்த விடியற்காலையில், ஆட்டிடையச் சிறுவனின் பாட்டுக்குப் பின் ரோமின் மணிகள் அருகிலும் தொலைவிலுமாக ஒவ்வொன்றாக ஒலிக்கத் தொடங்கும்.