அடப்பங்கொடித் தைலத்துக்கு ஆய்வுக்கூடச் சோதனை: ஒரு மதிப்பீடு

சொறிமீன் (ஜெல்லிமீன்) பட்டுத் தடித்த தோலில், கடற்கரை மணலில் படரும் அடப்பங்கொடியின் இலையைக் கசக்கிப் பூசும் வழக்கம் மண்டபம், பாம்பன் கரைகளில் உண்டு. தாய்லாந்துக் கடற்கரையிலும் இதே வைத்தியம் இருக்கிறது. அந்த இலைச்சாற்றைத் தைலமாக்கி விற்க விரும்பிய எங்கள் மகளிர் குழு, அதற்கு முன் சோதித்துத் தருமாறு மதுரைப் பக்கமுள்ள தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றை நாடியது.

மாதிரியை வாங்கிய முறை பாராட்டத்தக்கது. இலைப்பொடியை மட்டும் ஏற்காமல், பூவோடும் காயோடும் உலர்த்திய கொடியைக் கேட்டுப் பெற்று, செடி எதுவென்று தாவரவியலாளரைக் கொண்டு உறுதிசெய்த பிறகே சாறு இறக்கினார்கள். ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்ற வரம்புகளை அறிக்கையிலேயே அச்சிட்டு, எங்கள் அளவுகளை எதிரே தந்திருந்தது படிக்க எளிதாக இருந்தது.

செயல்திறன் பகுதியில் டிபிபிஹெச் சோதனை மட்டுமே இருந்தது. ஊதாக் கரைசல் மஞ்சளாக வெளுப்பதை 517 நானோமீட்டரில் அளந்து ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனைச் சொல்கிறார்கள். நாம் குடிக்கும் தேநீரே இதில் நன்றாகத் தேறும். சொறிமீன் நஞ்சைப் பற்றி இது எதையும் சொல்வதில்லை.

எனக்கு உடன்பாடில்லாதது பாதுகாப்புப் பகுதி. இறால் பொரிப்பகங்களில் குஞ்சுகளுக்குத் தீனியாகும் ஆர்ட்டீமியா என்ற சின்னஞ்சிறு உப்புநீர் உயிரியைச் சாறு கலந்த உப்புநீரில் விட்டு, பாதி உயிர்கள் சாகும் செறிவு மில்லிலிட்டருக்கு 1000 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்ததால் 'பாதுகாப்பானது' என்று முத்திரை குத்தியிருந்தார்கள். அது முதற்கட்டச் சல்லடை மட்டுமே. புண்பட்ட தோலில் தடவும் பொருளுக்கு அந்த ஒரு சொல்லை அதன் பலத்தில் எழுதக் கூடாது.

இதைக் கேட்டபோது மழுப்பாமல், தனிக் கட்டணத்தில் தோல் செல்களின் மீது எம்டிடி சோதனை செய்து தந்தார்கள். உயிருள்ள செல்கள் மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றும் அளவை வைத்துக் கணக்கிடும் இதில், அடர்ந்த பச்சைச் சாற்றின் சொந்த நிறமே கணக்கைக் கெடுத்துவிடக்கூடும் என்பதால், செல் இல்லாத சாற்றுக்கும் சாறு இல்லாத கரைப்பானுக்கும் தனித்தனியே ஒப்பீடு வைத்திருந்தார்கள். கொடுத்த பணத்துக்கு உண்மையான மதிப்பு இந்தப் பக்கத்தில்தான் கிடைத்தது.

கட்டணப் பட்டியலில் இச்சோதனை கடைசி வரியில், 'கூடுதல் சேவை' என்று இருக்கிறது. பூசுமருந்து செய்பவர்கள் அதையே முதலில் கேட்டு வாங்கலாம். மனிதத் தோலில் ஒட்டிப் பார்க்கும் எரிச்சல் சோதனை அங்கே இல்லாததால், அதற்கு மட்டும் வேறு இடம் பார்க்க வேண்டும்.